யாரும் விற்கவில்லை

பார்ன்ஹில் கடையில் ராய்ஸ் கடைசியாக ஷூ வாங்கியது ஒன்பதாம் வகுப்பில். அந்தக் கடை பிழைத்தால் என்ன, மூடினால் என்ன என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. ஆனாலும் அந்த ஜனவரியில் அதற்காக உயிரையே கொடுக்கத் தயாராக இருந்தான். உயிரைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவன் கொடுத்தது பிள்ளைக்கென்று நாங்கள் சேர்த்த பணத்தை.

ராய்ஸ் என் கணவன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மூன்று தடவை கர்ப்பமாகி மூன்று தடவையும் தங்கவில்லை. மூன்றாவதற்குப் பிறகு நான்தான் சொன்னேன், போதும், தத்து எடுத்துக்கொள்வோம் என்று. எங்கள் ஈரி நகரத்தில் அதற்கு ஒரு நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்து வந்த அம்மாள் வீட்டு ஜன்னல்களை இழுத்துப் பார்த்தாள், அடுப்படியைப் பார்த்தாள், நாங்கள் சண்டை போடுவோமா என்று கேட்டாள். போடுவோம் என்றேன். நல்லது என்று எழுதிக்கொண்டாள். பிறகு எங்களைப் பற்றி ஒரு கடிதமும் நாலு புகைப்படங்களும் வாங்கிக்கொண்டு போனாள். பிள்ளையை வளர்க்க முடியாத எந்தப் பெண்ணாவது அதைப் படித்து எங்களைத் தேர்ந்தெடுத்தால் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் ஒரு வாரத்துக்குள் கட்டணம் முழுவதையும் கட்ட வேண்டும். இருபத்தெட்டாயிரம் டாலர்.

அந்தப் பணத்துக்கு வங்கியில் தனிக் கணக்கு வைத்திருந்தோம். நான் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் இருக்கிறேன், சனிக்கிழமைகளும் போனேன். ராய்ஸ் பிளாஸ்டிக் வார்ப்பு ஆலையில் கிடைத்த கூடுதல் ஷிஃப்டையெல்லாம் எடுத்தான். ஐந்து வருஷமாக எங்கள் ஊர் ஏரிக்கரையைத் தாண்டி ஒரு விடுமுறை போகவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது என்பார்களே, அது எங்களுக்கு வெறும் பேச்சில்லை.

பார்ன்ஹில் பங்கை வைத்து நடந்த பங்குச் சந்தைச் சண்டையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது பக்கத்து வீட்டு லானி. ராய்ஸோடு அதே ஆலையில், அதே ஷிஃப்டில் வேலை. தங்கமான ஆள்தான், வாயை மூட மட்டும் தெரியாது. புது வருஷம் பிறந்த வாரத்தில் ஒருநாள் எங்கள் அடுப்படியில் பீர் புட்டியோடு ராய்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்தினான்.

"இப்ப பாரு மார்லா, உங்க பனி தள்ற மெஷின நான் இரவல் வாங்கறேன்னு வெச்சுக்க."

"வெச்சுக்க என்ன, நவம்பர்ல இருந்து உன்கிட்டதான் இருக்கு."

"அது வேற. இரவல் வாங்கினத நானூறு டாலருக்கு எவனுக்கோ வித்துடறேன்."

"வித்துட்டியா?"

"கதைதானே சொல்றேன், கேளு. ஏப்ரல் வந்தா பனி இல்ல. மெஷின எவன் வாங்குவான்? நூறுக்குக் கெடைக்கும். ஒன்ன வாங்கி உன்கிட்ட திருப்பிக் குடுத்துட்டு மிச்ச முன்னூற பாக்கெட்ல போட்டுக்கறேன். பணக்காரன் காச வெச்சு சந்தைல ஆடற இந்த ஹெட்ஜ் ஃபண்ட்காரனுங்க பார்ன்ஹில் பங்க வெச்சு இதத்தான் பண்றானுங்க. கடை சாகும், சாகும்னு சொல்லிக்கிட்டே இரவல் பங்க வித்துத் தள்றானுங்க."

"ஏப்ரல்ல பனிப்புயல் அடிச்சா?"

லானி மேஜையைத் தட்டினான். "பாத்தியா மாப்ள, உன் பொண்டாட்டிக்கு சொல்லவே வேணாம். புயல் அடிச்சா, ஆயிரம் கேட்டாலும் நான் வாங்கித்தான் திருப்பிக் குடுக்கணும். ரெண்டாயிரம் கேட்டாலும். நாம எல்லாரும் இருக்கற மெஷினையெல்லாம் வாங்கி ஷெட்ல போட்டுப் பூட்டிட்டா அவன் எங்க போவான்?"

"யாராவது ஒருத்தர் ஷெட்ட தொறந்துட்டா?"

"தொறக்க மாட்டோம். அதான் விஷயமே."

நான் கேட்டது வேடிக்கைக்கு. அவன் பதில் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. அப்போதே கவனித்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம்.

இவர்கள் இரண்டு பேர் மட்டுமில்லை. இணையத்தில் பெரிய குழு இருந்தது. லாரி ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், கொரோனாவில் வேலை போனவர்கள், ஆயிரக்கணக்கில். அதற்குள் ஈரி, அக்கம்பக்கத்து ஊர் ஆட்கள் நாற்பது பேர் தனியாக ஒரு சிறு குழு வைத்திருந்தார்கள். அங்கே ஒரு பழக்கம். சாயங்காலம் சந்தை மூடிய பிறகு ஒவ்வொருவரும் தன் கணக்கின் திரையைப் படம் பிடித்துப் போட வேண்டும், இத்தனை பங்கு, இன்னும் என் கையில்தான் என்று. அதற்குப் பெயர் ஆஜர். போடாதவனுக்கு நனைந்த கழிப்பறைக் காகிதத்தின் படம் வரும். பாதியில் விற்று ஓடுகிறவனுக்கு அவர்கள் வைத்த பெயர் காகிதக் கை. விற்காதவன் வைரக் கை. எல்லோரும் ஆஜர் சொல்லி முடித்ததும் யாராவது ஒருவர் கடைசி வரி எழுதுவார்: யாரும் விற்கவில்லை. பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி தினமும் இது நடந்தது. சாப்பாட்டு மேஜையில் போனைப் பார்த்து ராய்ஸ் அந்த வரியை எனக்கும் படித்துக் காட்டுவான்.

அவன் முதலில் போட்டது கிறிஸ்துமஸ் போனஸ், மூவாயிரம். எனக்குத் தெரிந்துதான் போட்டான். சூதாட்டத்துக்குப் போகாதவன், குடிக்காதவன், ஒருமுறை விளையாடிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அவனுக்கு அது விளையாட்டு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டாயிரத்து ஒன்பதில் என் மாமனாரின் வீடு கடனில் போனது. அந்தக் கடனை வங்கி இன்னொருவனுக்கு விற்று, அவன் மற்றொருவனுக்கு விற்று, கடைசியில் யார் காலில் விழுவது என்றே தெரியாமல் அந்த மனிதர் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அந்த மாதிரி வீடுகள் மூழ்கும் என்று பந்தயம் கட்டிச் சிலர் கோடி கோடியாகச் சம்பாதித்த கதையை ராய்ஸ் பிறகு எங்கோ படித்தான். மாமனார் சலவைக் கடை மாடியில் ஒற்றை அறையில் செத்துப்போனார். ராய்ஸின் கோபம் சாகவில்லை. அது போக ஓர் இடம் இல்லாமல் பன்னிரண்டு வருஷம் கிடந்தது, இந்தச் செருப்புக் கடை அதற்கு வழி காட்டியது.

ஜனவரி கடைசி வாரம் விலை பறந்தது. புதன்கிழமை நான் இறைச்சி அடைத்த பெப்பரோனி உருண்டைகளை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால், ராய்ஸ் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் இருந்த தொகை எங்கள் வீட்டு விலையைவிட அதிகம்.

"மூவாயிரம் இவ்வளவு ஆகாதே," என்றேன்.

அவன் போனை மேஜையில் வைத்தான்.

"ராய்ஸ், மூவாயிரம் இவ்வளவு ஆகாது."

"போன வாரம் கொஞ்சம் சேத்துப் போட்டேன்."

"எங்க இருந்து?"

அவன் அடுப்பைப் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த துணியை அவன் மேல் எறிந்தேன். பிள்ளைப் பணத்தைத் தொட உனக்கு எப்படி மனசு வந்தது என்று கத்தினேன். அவன் போனைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டே இருந்தான். "மார்லா, தொலைக்கல, பாரு, நாலு மடங்கு ஆயிருக்கு பாரு." உள்ளதைச் சொல்கிறேன், நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவ்வளவு கோபத்திலும் அந்த எண் கண்ணுக்கு அழகாக இருந்தது. இரண்டாவது ஒரு பிள்ளைகூட எடுக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"நாளைக்குக் காலைல இருபத்தெட்டாயிரத்துக்கு விக்கற," என்றேன். "நாளைக்கே. மிச்சத்த வெச்சுக்கிட்டு நீ நியூயார்க்க எரிச்சாலும் நான் கேக்க மாட்டேன்."

"சரி."

"அந்த நாப்பது பேரும் காகிதம் அனுப்பினாலும்."

"அனுப்பட்டும். சரின்னுட்டேன்ல."

அவன் பொய் சொல்லவில்லை. விற்கத்தான் நினைத்திருந்தான். மறுநாள் காலை சந்தை திறந்த கொஞ்ச நேரத்தில், இவர்கள் எல்லோரும் கணக்கு வைத்திருந்த அந்தப் பங்குத் தரகுச் செயலி, பார்ன்ஹில் பங்கை வாங்கும் பொத்தானை மட்டும் எடுத்துவிட்டது. விற்கலாம், வாங்க முடியாது. வாங்க ஆளில்லாத பொருளின் விலை என்ன ஆகும்? மலையிலிருந்து உருட்டிவிட்ட மாதிரி விழுந்தது. தரகு நிறுவனம் ஏதேதோ காரணம் சொன்னது. குழுவில் ஒருவரும் நம்பவில்லை. பணக்காரன் தோற்கும்போது ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள் என்றுதான் எல்லோருக்கும் பட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது, இன்றும் படுகிறது.

அன்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் குழு ஒரு முடிவு எடுத்தது. திருடன் வீட்டில் நம் பொருளை வைக்கக் கூடாது. நாளைக்கு நம் பங்கையே எடுத்து அந்த ஃபண்டுக்காரனுக்கு இரவல் கொடுத்தாலும் கொடுப்பான். எல்லோரும் பங்குகளை அப்படியே வேறொரு பழைய, பெரிய தரகு நிறுவனத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஆலையின் சாப்பாட்டு அறையில் ராய்ஸும் லானியும் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே நேரத்தில் மாற்றல் பொத்தானை அழுத்தினார்கள். அழுத்தியதும் கை குலுக்கிக்கொண்டார்களாம்.

சாயங்காலம் அவன் உள்ளே வந்ததும் கேட்டேன், "வித்துட்டியா?"

"மார்லா, இன்னைக்கு அவனுங்க என்ன பண்ணானுங்கன்னு..."

"தெரியும். ரேடியோவுல கேட்டேன். வித்துட்டியா?"

"மாத்திட்டேன். எல்லாத்தையும். வேற புரோக்கருக்கு."

"சரி, அங்க இருந்து வித்துடு."

"வந்து சேரணும். ஒரு வாரம் ஆகலாம்ங்கறாங்க. அதுவரைக்கும் தொட முடியாது."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையைக் கேட்டிருக்கிறேன். தாழியைத் தூக்கிப் போட்டு உடைத்துவிட்டுக் கை குலுக்கிக்கொண்டவர்களை அன்றுதான் பார்த்தேன். வைரக் கை என்று பெயர் வைத்துக்கொண்டதற்குச் சரியாக, கையைத் தாங்களே கட்டிப்போட்டுக்கொண்டார்கள்.

"கோவத்துல அந்த நேரத்துக்கு பணம் ஞாபகமே வரல," என்றான். "அப்பாதான் ஞாபகம் வந்தார்."

செத்துப்போன மனிதரோடு சண்டை போட முடியுமா? ஆனால் பிறக்காத பிள்ளை ஞாபகம் வரவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பல் மருத்துவமனையில் ஒரு கிழவரின் காப்பீட்டு அட்டையை வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தத்து நிறுவனத்திலிருந்து வீடு பார்க்க வந்த பெக் அம்மாள். ஆஷ்டபுலா என்ற ஊரில் ஒரு பெண், பத்தொன்பது வயசு, அடுத்த மாசக் கடைசியில் பிரசவம். பெண் குழந்தை. எங்கள் கடிதத்தைத்தான் எடுத்திருக்கிறாள்.

"ஏன் எங்கள?" என்று கேட்டேன்.

"ஒரு போட்டோல உன் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்காரும்மா. மத்தவங்க எல்லாம் ஸ்டுடியோவுல நின்ன மாதிரி இருந்தாங்களாம். இவங்கதான் நெஜ மனுஷங்க மாதிரி இருக்காங்கன்னா அந்தப் பொண்ணு."

முகக்கவசத்துக்குள் என் மூக்கு ஒழுகியது. கிழவர் தன் கைக்குட்டையை நீட்டினார், கொரோனாவாவது ஒன்றாவது.

"அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணத்த கட்டிடுங்க," என்றாள் பெக் அம்மாள். "கட்ட முடியலன்னா தப்பில்ல, சொல்லிடுங்க. அவ ரெண்டாவதா ஒரு குடும்பத்தையும் பாத்து வெச்சிருக்கா."

அந்த மாதிரி ஒரு வாரம் யாருக்கும் வர வேண்டாம், அந்த ஃபண்டுக்காரர்களுக்குக்கூட. பழைய நிறுவனத்தைக் கூப்பிட்டால் அனுப்பிவிட்டோம் என்றார்கள். புது நிறுவனத்தைக் கூப்பிட்டால் இன்னும் வரவில்லை என்றார்கள். எங்கள் பங்கு அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை, ஆனால் அதன் விலை மட்டும் தினமும் எங்கள் கண் முன்னால் விழுந்துகொண்டிருந்தது. வங்கியில் கடன் கேட்டோம். விண்ணப்பத்தைப் பார்க்கவே இரண்டு வாரம் என்றார்கள். கொலம்பஸில் இருக்கும் என் அக்காவைக் கேட்கலாமா என்றான் ராய்ஸ். என் அக்கா எனக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்புவதையே செலவு என்று நிறுத்தியவள். லானியிடம் கேட்கப் பணம் இல்லை. அவனுடைய சேமிப்பும் அதே பங்கில்தான். செவ்வாய்க்கிழமை அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்து பெக் அம்மாளுக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்தேன். மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே அழுகையில்தான் முடிந்தது.

ஒவ்வொரு சாயங்காலமும் குழு ஆஜர் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பங்கு வழியில் மாட்டிக்கொண்டவர்கள் மாற்றல் ரசீதைப் படம் பிடித்துப் போட்டார்கள். யாரும் விற்கவில்லை. அவர்களில் பாதிப் பேரால் விற்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

புதன்கிழமை காலை வந்து சேர்ந்தது. ராய்ஸ் ஆலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு மேஜையில் உட்கார்ந்தான். சந்தை திறக்கும்வரை இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கையில் இருந்த எல்லாப் பங்கையும் சேர்த்தால் இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம். போன வாரம் வீட்டு விலையாக இருந்தது, பிள்ளைப் பணத்தின் அளவுக்குச் சுருங்கி வந்து நின்றது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எனக்கு உயிர் வந்தது.

"வித்துடு," என்றேன்.

அவன் முதலில் அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டான். ஞாபகத்துக்கு என்று நினைத்தேன். பிறகு விற்கும் பக்கத்தைத் திறந்தான். விரல் அப்படியே நின்றது.

"நான் வித்தா இத யார் வாங்குவா?"

"யாரோ வாங்கறான். உனக்கென்ன?"

"யாரோ இல்ல மார்லா. இப்ப வாங்கறதையும் தொறந்து விட்டுட்டாங்க, எல்லாரும் தள்ளுபடின்னு சொல்லி வாங்கிட்டிருக்காங்க. என்ன மாதிரி எவனோ வாங்குவான். அவன் வீட்லயும் எதுக்காவது வெச்சிருக்கற பணமா இருக்கும்."

"அந்த ஃபண்டுக்காரனும் வாங்கலாம்ல? இரவல் வாங்கினத திருப்பிக் குடுக்க?"

"வாங்கலாம்."

"அப்ப அவன்தான் வாங்கறான்னு நெனச்சுக்க."

விலை ஆடிக்கொண்டிருந்தது. இருபத்தொன்பது, இருபத்தெட்டரை, மறுபடி இருபத்தொன்பது. நான் அவன் தோளில் கை வைத்தேன். "ராய்ஸ், நீ சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருந்தன்னு ஒருத்தி உன்ன அப்பாவா எடுத்திருக்கா. அழுத்து."

அழுத்தினான். பச்சை நிறத்தில் ஒரு சின்ன டிக் வந்தது, அவ்வளவுதான். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

"லானிகிட்ட இன்னைக்கே சொல்லிடு," என்றேன், அவன் கோட்டை மாட்டும்போது. "வேற யார் வாய்லயாவது கேட்டா நல்லா இருக்காது. அவனையும் விக்கச் சொல்லு."

"சொல்றேன்."

மறுநாள் எனக்குப் பாதி நாள் வேலை. மத்தியானம் வீடு திரும்பினால் வாசலில் லானியின் மனைவி டெனீஸ் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் தொட்டில் கட்டில், பாகம் பாகமாகப் பிரித்துக் கயிறு போட்டுக் கட்டியது. அவளுடைய இரட்டைப் பையன்கள் தூங்கியது.

"கதவத் தொறடி, கை வெறைக்குது," என்றாள். "பரண்ல இருந்து எறக்கவே காலைல இருந்து ஆச்சு. பசங்க ரெண்டு பேரும் கம்பியெல்லாம் கடிச்சு வெச்சிருக்கானுங்க, பெயின்ட் அடிச்சுக்க."

டெனீஸ் முதியோர் இல்லத்தில் உதவியாளர். மூன்று வருஷமாக நர்ஸ் படிப்புக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தாள். வருகிற செப்டம்பரில் சேர இடமும் கிடைத்திருந்தது. எங்கள் உள்ளறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டிலைப் பூட்ட ஆரம்பித்தாள். நான் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் திருகாணிகளைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசினாள்.

"உங்க அக்கா பணம் குடுத்தாங்களாமே. நல்லதாப் போச்சு. நானும் லானியும் ரெண்டு நாளா ஒங்களப் பத்திதான் பேசிட்டிருந்தோம்."

"எங்க அக்காவா?"

"ராய்ஸ் சொன்னானே நேத்து. அதனாலதான அவன் பங்க விக்காம வெச்சிருக்கான்."

பலகை என் கையில் கனத்தது. வாயைத் திறந்தேன், ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"என் பணத்தையும் அந்தப் பங்குல போடலாம்னு லானி கேட்டப்ப நான் மொதல்ல மாட்டவே மாட்டேன்னுட்டேன் மார்லா. படிப்புப் பணம்டா அது, தொட்டா கையை ஒடிப்பேன்னேன். நேத்து சாயங்காலம் லானி போன கொண்டு வந்து காமிச்சான், ராய்ஸ் ஆஜர் போட்டிருக்கறத. 'பாருடி, புள்ள பொறக்கப் போறவன், அவனே ஒரு பங்குகூட விக்காம நிக்கறான். அவன் என்ன முட்டாளா?'ன்னான். எனக்கும் சரின்னுதான் பட்டுது. ராய்ஸ் லானி மாதிரி இல்லையே, யோசிச்சு செய்யறவனாச்சே. காலைல தொறந்ததும் வாங்கிட்டோம். விலையும் இன்னும் கொறைஞ்சிருக்கு, அதிகமாவே கெடைச்சுது."

நேற்றுக் காலை அவன் படம் பிடித்த திரை. ஞாபகத்துக்கு என்று நான் நினைத்தது.

"டெனீஸ்," என்றேன். "நாங்க வித்துட்டோம்."

"என்னத்த?"

"எல்லாத்தையும். நேத்து காலைல. எங்க அக்கா ஒண்ணும் குடுக்கல. அந்தப் படம் விக்கறதுக்கு முன்னாடி எடுத்தது."

அவள் வாயிலிருந்து திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "விளையாடாத."

"இல்லடி. உடனே லானிக்கு போன் பண்ணு. இப்பவே விக்கச் சொல்லு, இன்னும் சந்தை மூடல."

"மத்தியானம் பாத்தேன். பாதி போயிடுச்சு," என்றாள். "பரவால்ல, ராய்ஸும்தான் பிடிச்சிருக்கான்னு நெனச்சேன்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் திருகாணிகளைத் தரையில் வரிசையாக வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் நான் குப்பைத் தொட்டி வைக்க வந்தப்ப நீ வாசல்ல நின்னுட்டிருந்தியே. பேசினோமே. அப்ப ஏன் சொல்லல?"

"ராய்ஸ் சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

கேட்டிருக்கலாம். அன்று சாயங்காலம் எனக்கு மகள் வரப்போகிறாள் என்பதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் போனை எடுத்து லானியைக் கூப்பிட்டாள். அவன் எந்திரத்தின் முன்னால் நின்றிருப்பான், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கையை நீட்டினாள்.

"அந்தப் பலகைய இப்படிப் பிடி. ஆடுது."

"டெனீஸ், விட்டுடு. நான் அப்பறம்..."

"பாதில விட்டா கட்டில் சாயும். கொழந்த படுக்கப் போற எடம்."

கடைசித் திருகாணிவரை முடுக்கினாள். எழுந்து நின்று நாலு மூலையையும் அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை. அடுப்படியில் கை கழுவினாள், கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசலுக்குப் போனவள் திரும்பினாள்.

"லானிகிட்ட நீங்க யாரும் சொல்ல வேணாம். நானே சொல்லிக்கறேன். அவன் இங்க வந்து கத்தினா நல்லா இருக்காது, கொழந்த வர்ற வீடு."

அன்று ராய்ஸ் வந்ததும் அந்தக் கட்டிலைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், தெரிந்துகொண்டான். ஏன் என்று கேட்டேன்.

"நாப்பது பேரும் போட்டாங்க. நான் மட்டும் போடலன்னா..."

"காகிதம் அனுப்புவாங்க. அனுப்பட்டும்னு நீதான சொன்ன."

"அவங்கள விடு. லானி பக்கத்துல உட்காந்துதான் மாத்தினேன். கை குடுத்தேன். வித்துட்டேன்னு அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல. ஒரு நாள் போகட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு பாத்தேன்."

"அந்த ஒரு நாள்லதான் அவ படிப்பு போச்சு."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் தேற்றவில்லை. வெள்ளிக்கிழமை காலை பெக் அம்மாளிடம் போய்க் கட்டணத்தைக் கட்டினோம். அவள் எங்கள் இருவரையும் பார்த்து, முதல் பிள்ளை என்றால் எல்லோரும் இப்படித்தான் பயந்துபோய் இருப்பார்கள் என்றாள்.

லானி இன்றுவரை விற்கவில்லை. டெனீஸ் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லையாம். காகிதக் கை ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறது, இரண்டாவது நானாக இருக்க மாட்டேன் என்றானாம். அவன் வைத்திருக்கும் பங்குகளை இப்போது விற்றால் ஒரு மாசத்து மளிகைக்கு வரும். ஆலையில் வேறு ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டான். பீச் தெருவில் இருந்த பார்ன்ஹில் கடை வசந்தம் முடிவதற்குள் மூடிவிட்டது. அந்த ஹெட்ஜ் ஃபண்டுகளில் ஒன்று பெரிதாக அடி வாங்கியது என்று செய்தியில் சொன்னார்கள். ராய்ஸ் டிவியை அணைத்தான்.

எங்கள் மகள் பெயர் ஐவி. டெனீஸ் பூட்டிக் கொடுத்த கட்டிலில்தான் தூங்குகிறாள். அந்த அறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் டெனீஸ் முதியோர் இல்லத்தின் நீலச் சீருடையில் காரைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரியும். செப்டம்பர் வந்து போய்விட்டது. குழந்தைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டன. டெனீஸ் இன்னும் அவளைப் பார்க்க வரவில்லை. நானும் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்கு முகமில்லை.